ஐந்து வகைப் படம், ஒரு டீவி: நத்தாருக்கு வீட்டோடு எதைப் போடுவது?

பாலன் குடில் கட்டியாகிவிட்டது. கேக் துண்டுகள் தாளில் சுற்றி டின்னுக்குள் போய்விட்டன. நடுச்சாமப் பூசைக்கு இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்கிறது. மட்டக்களப்பு வீடுகளில் ரிமோட்டுக்குச் சண்டை தொடங்குவது இந்த இடைவெளியில்தான். கொழும்பிலிருந்து வந்த மகன் ஒன்றைப் போட்டால் பத்தாவது நிமிடத்தில் அம்மம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். பிள்ளைகளுக்கென்று ஒன்றைப் போட்டால் பெரியவர்கள் போனைக் கையில் எடுப்பார்கள். படம் தேடுவதிலேயே முக்கால் மணித்தியாலம் கரைந்துவிடும்.

"எல்லாரும் இருந்து பார்க்கிற மாதிரி ஒரு நத்தார் படம் சொல்லுங்க" என்று கேட்பவருக்கு ஒற்றைப் பெயரைச் சொல்லிவிடலாம். பாதி வீடுகளில் அது எடுபடாது. நல்ல படமா என்பது ஒரு கேள்வி. இந்த வீட்டில், இந்த மழையில், இந்தக் கூட்டத்தோடு அது ஓடுமா என்பது வேறு கேள்வி. இங்கே பார்க்கப்போவது இரண்டாவதைத்தான்.

## எதை வைத்து அளப்பது

எழும்பிப் போய்வந்தாலும் கதை விளங்க வேண்டும். நத்தார் வீட்டில் ஒருவரும் தொடர்ந்து ஒன்றரை மணித்தியாலம் இருக்கமாட்டார்கள். கேற்றில் ஆள் கூப்பிடும், தேத்தண்ணி ஊற்ற வேண்டும், கரோல் கோஷ்டி வரும். "முடிவு முதலே தெரிகிற படம்" என்று விமர்சகர்கள் குறை சொல்வது இந்த வீட்டில் பெரிய வசதி. நம்முடைய கூத்தும் அப்படித்தானே. சக்கரவியூகத்துக்குள் போன அபிமன்யு திரும்பமாட்டான் என்று தெரிந்துகொண்டுதான் களரியைச் சுற்றிச் சனம் விடியும்வரை இருக்கிறது. நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழும்பினாலும் கதை கைவிட்டுப் போவதில்லை.

ஆங்கிலம் தெரியாதவருக்கும் ஓட வேண்டும். அம்மம்மா, அம்மப்பா, ஐந்து வயதுப் பிள்ளை மூவரும் இந்தக் கணக்கில் ஒரே பக்கம். முகம், அசைவு, இசை ஆகியவற்றால் நகர்கிற படம் அவர்களைப் பிடித்து வைக்கும். பேச்சால் நகர்கிற படம் வைக்காது.

மழைச் சத்தம். படம் தெரிவு செய்யும்போது இதை ஒருவரும் யோசிப்பதில்லை. டிசம்பர் இங்கே மாரியின் உச்சம். தகரக் கூரையிலோ சீற்றிலோ கொட்டுகிற மழைக்குள் டீவியின் ஒலிபெருக்கியில் முதலில் அமுங்குவது மனிதக் குரல். பாட்டும் அடிதடியும் கேட்கும், வசனம் மட்டும் போய்விடும்.

கூட இருந்து பார்க்கக் கூச்சம் வரக்கூடாது. மாமனார், மருமகள், பத்தாம் வகுப்புப் பையன் எல்லாரும் ஒரே அறையில். திடீரென்று ஒரு காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடி ஐந்து பேர் ஒரேயடியாகக் குனிவார்கள்.

நேரம். 24ஆம் திகதி மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் படம் எட்டே முக்காலுக்குள் முடிந்தால்தான் சாப்பாடும் உடுப்பு மாற்றுவதும் கோயிலுக்குப் போவதும் நெருக்கடியில்லாமல் நடக்கும்.

இன்னொன்று அட்டவணைக்குள் அடங்காது. துப்பாக்கிச் சத்தத்தில் விழித்தெழுந்த வருடங்களைக் கடந்து வந்தவர்கள் இந்த வீடுகளில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலிருந்து கல்முனை, திருக்கோவில்வரை கடல் ஆட்களைக் கொண்டுபோனது. நத்தாருக்கு அடுத்த நாள் பல வீடுகளில் நினைவு நாள். படம் போடுகிறவர் அந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## 1. சின்ன ஊரும் பனியும் கடைசி நிமிட முத்தமும்

அமெரிக்காவின் ஹோல்மார்க் அலைவரிசை 2009 முதல் வருடாவருடம் நத்தாரை நோக்கி வரிசையாக விடுகிற காதல் படங்களும், அதே அச்சில் நெட்பிளிக்ஸ் போன்றவை எடுக்கிற படங்களும் இந்த வகை. கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பட்டணத்தில் வேலை வேலை என்று ஓடுகிற பெண் சின்ன ஊருக்கு வருகிறாள். அங்கே கடனில் மூழ்கிய ஒரு பேக்கரியோ விடுதியோ இருக்கும், மனைவியை இழந்த நல்லவன் ஒருவனும் இருப்பான். ஊரில் ஒரு விழா. முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு தப்பபிப்பிராயம். பிறகு பனி பெய்யும், சேர்ந்துவிடுவார்கள்.

இடையில் எழும்பினாலும் விளங்குவதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. இவை விளம்பரத்துக்கு இடம்விட்டு எழுதப்படுகிற தொலைக்காட்சிப் படங்கள். இரண்டு மணித்தியால ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 85 நிமிடப் படம். விளம்பரம் முடிந்து திரும்பி வருகிறவருக்காகப் பாத்திரங்களே "அப்படியென்றால் விழாவுக்கு முன் பணம் கட்டாவிட்டால் விடுதி போய்விடும்" என்று நடந்ததைத் திருப்பிச் சொல்லிக்கொள்வார்கள். கேற்றைத் திறந்து விருந்தாளிக்குக் கேக் கொடுத்துவிட்டு வந்து இருந்தால், இரண்டு நிமிடத்தில் கதைக்குள் வந்துவிடலாம்.

கூச்சமும் இல்லை. முதல் முத்தத்தைக் கடைசிக் காட்சிவரை தள்ளி வைப்பது இந்த வகையின் எழுதப்படாத சட்டம். இந்த அளவில் இவற்றை அடிக்க வேறெதுவும் கிடையாது.

மறைந்திருக்கிற செலவு பேச்சு. ஆரம்பம் முதல் முடிவுவரை கதைத்துக்கொண்டே இருப்பார்கள். மழை பிடித்துவிட்டால் ஆங்கிலம் தெரிந்தவருக்கே பாதிதான் கேட்கும். அம்மம்மாவுக்கு யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக வீட்டின் மூத்த பேத்தி; அவளுக்குப் படம் போச்சு. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பையன்கள் கால்மணித்தியாலத்தில் கழன்றுவிடுவார்கள்.

ஒரு பொறியும் உண்டு. தலைப்பில் நத்தார் இருக்கிற காதல் படமெல்லாம் இந்த இனமல்ல. 2003இல் வந்த "லவ் அக்சுவலி"யை நத்தார் குடும்பப் படம் என்று நினைத்துப் போட்டுவிட்டு விழித்த வீடுகள் உண்டு. அதில் நிர்வாணக் காட்சிகளே இருக்கின்றன, அமெரிக்காவில் அதற்கு ஆர் தரம், அதாவது வயதுவந்தோருக்கானது. போடுமுன் படத்தின் விபரத்தில் தரக் குறியைப் பாருங்கள். டீவி-ஜி, டீவி-பிஜி, பிஜி என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆர், டீவி-எம்ஏ என்றால் வேண்டாம்.

அலுத்துப்போனால் பின்னணி மரங்களைப் பாருங்கள். கனடாவில் பெரும்பாலும் கோடையில் எடுப்பதால் தெருவில் பொய்ப்பனி கொட்டிக் கிடக்கும், மேலே இலை பச்சைப் பசேலென்று நிற்கும். கண்டுபிடிக்கிறவருக்கு ஒரு முறுக்கு என்றால் பையன்களும் திரும்பி வருவார்கள்.

## 2. சிரிப்பும் சேட்டையும்

இந்த வகைக்கு ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் போதும்: 1990இல் வந்த "ஹோம் அலோன்", 103 நிமிடம், பிஜி. வீட்டார் விடுமுறைக்குப் பாரிசுக்குப் பறக்க, எட்டு வயதுப் பையன் தவறுதலாக வீட்டில் தனித்துவிடுகிறான். இரண்டு திருடர்கள் வருகிறார்கள்.

மொழித் தடை இதில் விசித்திரமாக வேலை செய்கிறது. முதல் இருபது நிமிடம் ஒரு வீடு நிறைய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதைப்பார்கள். ஆங்கிலம் தெரியாதவர் எழும்புவதென்றால் இங்கேதான் எழும்புவார். அதைத் தடுக்க ஒரு வழி: படம் தொடங்குமுன் "தாய் பிள்ளையை மறந்து விட்டுட்டுப் போயிருவா, பிறகு தேடி வருவா" என்று அம்மம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். லொறியில் பாண்டு வாத்தியக்காரரோடு ஏறியாவது வீடு வந்து சேரத் துடிக்கிற அந்தத் தாயை விளங்க ஆங்கிலம் தேவையில்லை. கடைசி அரை மணித்தியாலத்தில் வசனமே பெரிதாக இல்லை. திருடர் வழுக்கி விழுகிறார், முகத்தில் பெயின்ட் டின் மோதுகிறது. மழை எவ்வளவு கொட்டினாலும் சிரிப்பு அமுங்காது.

நத்தாருக்கு முதல்நாள் இரவு அந்தப் பையன் தேவாலயத்தில் போய் இருக்கிற காட்சியைத் தவறவிடக் கூடாது. பாடகர் குழு பாடிக்கொண்டிருக்கும். ஊரே பயப்படுகிற அயலட்டைக் கிழவர் பக்கத்தில் வந்து அமர்வார். மகனோடு கோபித்துப் பேசாமல் இருப்பவர் அவர், பேத்தி பாடுவதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். "பயமாக இருந்தாலும் ஒருக்கால் போன் எடுத்துப் பாருங்களேன்" என்கிற மாதிரி பையன் சொல்கிறான். மறுநாள் சன்னலுக்கு வெளியே அந்தக் கிழவர் பேத்தியைத் தூக்குவது தெரியும். வெளிநாட்டிலிருந்து போன் வராத மகனை நினைத்துக்கொண்டிருக்கிற அறையில் இந்த இடத்தில் சத்தம் அடங்கிவிடும்.

செலவுகள் மூன்று. பையன் திருடரை வெருட்டப் பழைய கொள்ளைக்காரப் படமொன்றைப் போடுகிறான். அதில் இயந்திரத் துப்பாக்கி தொடர்ந்து வெடிக்கும், பின்னர் சட்டிக்குள் சீனவெடியும் போடுவான். அந்தச் சத்தம் பிடிக்காதவர் வீட்டில் இருந்தால் ரிமோட்டைக் கையில் வைத்திருந்து ஒலியைக் குறையுங்கள். அண்ணனின் பெட்டிக்குள்ளிருந்து வயதுவந்தோர் சஞ்சிகை ஒன்று வெளிவருகிற சில நொடிகளும் உண்டு. மூன்றாவது, பார்த்துச் செய்வது. வெறுங்காலில் ஆணி ஏறுவது, தலையில் நெருப்புப் பிடிப்பது எல்லாம் படத்தில் காயமில்லாமல் முடிந்துவிடும். எட்டு வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அது விளையாட்டுப் பாடம். படம் முடிந்த அன்று மாலை கதவு நிலையில் கயிறு கட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

## 3. அனிமேஷன் படங்கள்

சிறு பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். இதற்குள்ளும் தெரிவு செய்ய வேண்டும். வேகமாக வசனம் பேசுகிற கார்ட்டூன்கள் மழைக்குத் தாங்காது.

"கிளவுஸ்" 2019இல் நெட்பிளிக்ஸில் வந்தது, ஒன்றரை மணித்தியாலத்தைக் கொஞ்சம் தாண்டும். கையால் வரைந்து ஒளியும் நிழலும் சேர்த்த படம். சோம்பேறித் தபால்காரன் ஒருவனை, இரண்டு குலங்கள் தலைமுறை தலைமுறையாக அடிபடுகிற ஒரு தீவுக்கு அனுப்புகிறார்கள். காட்டுக்குள் தனியே வாழ்கிற விளையாட்டுப்பொருள் செய்யும் முதியவரை அவன் சந்திக்கிறான். முடிவு என்ன என்பதை அம்மம்மா இந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். அதில் சாமி இனத்துச் சிறுமி ஒருத்தி வருகிறாள். நோர்வேயின் வடக்கில் வாழும் மக்கள் அவர்கள். அவள் பேசுகிற மொழி தபால்காரனுக்கு விளங்காது, பார்ப்பவருக்கும் விளங்காது. ஆனாலும் அவள் என்ன கேட்கிறாள் என்பது முகத்திலேயே தெரியும். அந்த நிமிடங்களில் கொழும்புப் பேரனும் அம்மம்மாவும் சரிசமம்.

இதில் இயேசு பிறப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை. பூசைக்கு முன் போடுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். முடிவில் முதியவர் காற்றோடு காற்றாக மறைகிறார். "அவர் செத்துப்போயிட்டாரா?" என்று பிள்ளை கேட்கும். பதிலை முதலே யோசித்து வையுங்கள்.

பிரித்தானியாவில் 1982இல் தொலைக்காட்சிக்கு எடுத்த "த ஸ்னோமேன்" 26 நிமிடம்தான். தொடக்கத்தில் வரும் சில வரிகளையும் ஒரு பாட்டையும் தவிர வசனமே கிடையாது. பையன் செய்த பனிமனிதன் நடுச்சாமத்தில் உயிர்பெற்று அவனைக் கையில் பிடித்து வானத்தில் கூட்டிப் போகிறான். காலையில் பையன் ஓடிவந்து பார்த்தால் உருகிய பனிக்குவியலும் தொப்பியும் கிடக்கின்றன. சட்டைப் பைக்குள் கையை விடுகிறான். இரவில் நத்தார் தாத்தா கொடுத்த சால்வை அங்கே இருக்கிறது. பனியைக் கண்டிராத பிள்ளைக்கும் இது விளங்கும். சில பிள்ளைகள் அழுவார்கள். இதைத் தூங்கப் போகும் நேரத்தில் போட வேண்டாம்.

## 4. பிறப்பின் கதை

மறைக்கல்விக்குப் போகும் வயதுப் பிள்ளைகள் இருந்தால், 24 மாலையில் இந்த வகைக்கு நியாயம் அதிகம். ஒரு வசனம் விளங்காவிட்டாலும் அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எதிர்பார்த்தது நடக்கிற படத்துக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

"த நேட்டிவிட்டி ஸ்டோரி" 2006இல் வந்தது, 101 நிமிடம், வத்திக்கானில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட கதைப்படம். நிதானமானது, சில இடங்களில் இழுபடும். தொடக்கமே ஏரோதின் படைவீரர் பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்வதுதான். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் இருந்தால் அந்த முதற் பகுதியைத் தாண்டிவிட்டுத் தொடங்குங்கள். கதையில் எதுவும் குறையாது. சின்னவர்களே அதிகமென்றால் 2017இன் "த ஸ்டார்" வசதி. 86 நிமிட அனிமேஷன் படம், மரியாளைச் சுமந்த கழுதைதான் நாயகன். பகிடி கூடிப்போனதாகப் பெரியவர்களுக்குத் தோன்றலாம்.

## 5. பழைய கறுப்பு வெள்ளை

"இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்", 1946, 130 நிமிடம். நத்தார் படப் பட்டியல்கள் பலவற்றில் முன்வரிசை இதற்குத்தான், ஆனால் கூட்டமான வீட்டுக்கு இதைச் சொல்லமாட்டோம். நீளம், பேச்சு, கறுப்பு வெள்ளை என்பவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இனிப்பான படம் என்று பெயரெடுத்த இதில், கடனில் நொந்த ஒரு மனிதன் நத்தாருக்கு முதல்நாள் இரவு பாலத்தில் நின்று உயிரை விட நினைக்கிறான். அண்மையில் அப்படி ஒரு இழப்பைக் கண்ட குடும்பத்தில் இதைப் போடக்கூடாது. மற்றபடி, 27, 28ஆம் திகதி இரவில் பிள்ளைகள் படுத்தபின் இரண்டு மூன்று பெரியவர்கள் இருந்து பார்க்க அருமையான படம். 1974இல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறியதால் அமெரிக்க நிலையங்கள் ஆளுக்காள் இலவசமாக ஒளிபரப்பித்தான் அது நத்தார் வழக்கமாகியது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வகை | நீளம் | எழும்பிப் போய்வந்தால் | ஆங்கிலம் இல்லாமல் | மழைக்குள் | கூச்சம் |
|---|---|---|---|---|---|
| சின்ன ஊர்க் காதல் | சுமார் 85 நிமிடம் | மிக நன்று | கடினம் | மோசம் | இல்லை |
| ஹோம் அலோன் | 103 | நன்று | பாதிக்குப் பின் எளிது | நன்று | சில நொடி |
| கிளவுஸ் | 90க்குச் சற்று மேல் | நடுத்தரம் | நன்று | பரவாயில்லை | இல்லை |
| த ஸ்னோமேன் | 26 | தேவையில்லை | முழுதும் எளிது | நன்று | இல்லை |
| நேட்டிவிட்டி ஸ்டோரி | 101 | மிக நன்று | கதை தெரியும் | பரவாயில்லை | இல்லை. வன்முறை உண்டு |
| கறுப்பு வெள்ளை | 130 | மோசம் | கடினம் | மோசம் | இல்லை |

நேரத்தோடு பொருத்தினால் இப்படி வரும். 24 மாலைக்கு அனிமேஷன் படமோ பிறப்பின் கதையோ. 25 பின்னேரம், அயலிலிருக்கும் இந்து, முஸ்லிம் வீட்டுக்காரர் கேக்குக்கு வந்துபோகும் நேரத்துக்கு ஹோம் அலோன்; வந்தவர் நடுவில் இருந்தாலும் சிரிப்பார். அன்றிரவு களைத்துச் சாய்ந்திருக்கிற பெண்களுக்குச் சின்ன ஊர்க் காதல். 26 காலையில் டீவியை விட்டுவிடலாம்.

தமிழ்ப் படம் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் இரண்டரை மணித்தியாலப் படம் விளம்பரத்தோடு நாலைத் தொடும். 24 இரவுக்கு அது ஆகாது.

## டீவியில் ஓடவைப்பது

எந்தப் படமானாலும் 23ஆம் திகதியே ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தவறுவது அநேகமாக இவற்றில் ஒன்றுதான்.

படம் தெரிகிறது, சத்தம் இல்லை: கோப்பின் ஒலி வடிவம் பழைய டீவிக்குத் தெரியாதது. மடிகணினியில் விஎல்சி என்ற படம் ஓட்டும் செயலியில் போட்டு எச்டிஎம்ஐ வயரால் டீவிக்குக் கொடுத்தால் சரியாகும்.

பென்ட்ரைவ் கோப்பை ஏற்கமறுக்கிறது: ஃபாட்32 முறையில் இருக்கும் பென்ட்ரைவுக்குள் 4 ஜீபீக்கு மேற்பட்ட தனிக்கோப்பு போகாது. 720பி தரத்தில் எடுத்தால் ஒன்றரை மணித்தியாலப் படம் அதற்குள் அடங்கும்.

தமிழ் வசனவரி பெட்டி பெட்டியாக வருகிறது, அல்லது கொம்பும் காலும் இடம்மாறி நிற்கிறது: டீவியில் தமிழ் எழுத்துரு சரியில்லை. இதற்கும் மடிகணினிதான் மருந்து. எஸ்ஆர்டி எனப்படும் வசனவரிக் கோப்பை யூடிஎஃப்-8இல் சேமித்து, படக்கோப்பின் பெயரையே வையுங்கள்.

வசனம் மெல்லியதாகவும் இசை காதைப் பிளப்பதாகவும் இருக்கிறது: பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலியை ஸ்டீரியோவாக மாற்றுங்கள். டீவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் அதையும் போடுங்கள். மழைக்கு, புளூடூத் ஒலிபெருக்கியை டீவிக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்கள் இருக்கும் பாய்க்குப் பக்கத்தில் வையுங்கள்.

டிஷ் அன்டெனாவை நம்பியிருந்தால், கடும் மழையில் சிக்னல் போகும் என்பதை எல்லா வீடும் அறியும். இணையத்தில் பார்ப்பவர்களுக்கு நெட்பிளிக்ஸ் சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 ஜீபீ, எச்டியில் 3 ஜீபீ வரை எடுக்கும். போனில் முன்கூட்டியே இறக்கி வைக்கலாம், ஆனால் அதைப் பென்ட்ரைவுக்கு மாற்ற முடியாது. நெட் போனால் சின்னத் திரையில் பத்துப் பேர்.

கரண்ட் போனால்? கணினிக்கு வைக்கும் 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பற்றரி. 32 அங்குல எல்இடி டீவி 50 வாட் அளவில் இழுக்கும். புதுப் பற்றரியென்றால் முக்கால் மணித்தியாலம், பழையதென்றால் அரை மணித்தியாலம் நம்பலாம். முழுப் படத்துக்குப் போதாது. த ஸ்னோமேனைப் பென்ட்ரைவில் தயாராக வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு அந்த நேரம் போதும்.